பாக்ஸிங்கா பிஜேஜேவா (பிரேசிலியன் ஜியு-ஜிட்சு, தரையில கட்டிப் புரண்டு மடக்குற சண்டை), ஜிம் எப்படி பாத்து சேர்றது?

தூக்கமில்லா_கோடர்: வயசு 31, ஐடி வேலை, பெரம்பூர். தொப்பையும் குறையணும், ஒரு அமெச்சூர் போட்டிலயாவது ஏறிப் பாக்கணும்னும் ஆசை. பக்கத்துல ஒரு எடத்துல வருஷ ஃபீஸ மொத்தமா கட்டுனா டிஸ்கவுண்ட்ங்கிறாங்க, கட்டலாமா?

கார்னர்_ஸ்டூல்: கட்டாதீங்க ப்ரோ. மொதல்ல சாயங்காலம் போய் ஓரமா உக்காந்து ஒரு கிளாஸ முழுசா பாருங்க. பேட் (கோச் கையில மாட்டிப் புடிக்கிற மெத்தை) அடிக்க விட்டு வேர்க்க வச்சு அனுப்புறாங்கன்னா அது ஃபிட்னஸ் கிளாஸ், தொப்பைக்கு ஓகே, ஆனா ரிங்ல 3 நிமிஷம் 3 ரவுண்டுக்கு அது பத்தாது. ஸ்பாரிங் (ரெண்டு பேர் மோதுற பயிற்சி சண்டை) நடக்குதா, ஹெட்கார்டு, 16 அவுன்ஸ் கிளவுஸ்லாம் போடுறாங்களா, புதுசா வந்தவன சீனியர் போட்டு சாத்துறப்ப கோச் நிறுத்துறாரா இல்ல சிரிச்சுட்டு நிக்கிறாரா, இதான் மேட்டரே.

ஒயிட்பெல்ட்_வாத்தி: பிஜேஜேன்னா கோச் யார்கிட்ட பெல்ட் வாங்குனார்னு கேளுங்க, நேர்மையான ஆளுன்னா டக்குனு சொல்லிடுவார். மொத பெல்ட்டான ஒயிட்ல இருந்து அடுத்த ப்ளூக்கே பொதுவா ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும், மூணு மாசத்துக்கு ஒரு கலர் குடுக்குற எடம்னா எஸ்கேப். மேட்ட தினம் தொடைக்கிறாங்களான்னும் பாருங்க, இல்லன்னா படர்தாமரை ஃப்ரீ 😂

தூக்கமில்லா_கோடர்: ட்ரையல் கிளாஸுக்கு காசு கேட்டா?

கார்னர்_ஸ்டூல்: ஒரு நாளைக்குன்னா குடுங்க, தப்பில்ல. ட்ரையலே கெடையாதுன்னா வேற எடம் பாருங்க.