மறு: ‘ட்ரூப் கான்ட்ரிபியூட்டிங் கன்ட்ரி’ – தமிழில் எப்படி?

> ஐ.நா. அமைதி காக்கும் பணிக்குத் தன் வீரர்களைத் தரும் நாட்டுக்குப் ‘படை வழங்கும் நாடு’, அந்த நாடுகளோடு நடக்கும் ‘கன்சல்டேஷன்’ என்பதற்குக் ‘கலந்தாய்வு’ – இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

ஐயா, வணக்கம்.

‘வழங்கும்’ எனக்கு ஒப்பவில்லை. வழங்கிய பொருள் கைமாறிப் போய்விடும். ஐ.நா. அமைதி காக்கும் படையில் களப்பணிக்கான கட்டளைதான் ஐ.நா. தளபதியுடையது. சிப்பாய் தப்புச் செய்தால் தண்டிப்பது அவரவர் நாடு. படையைத் திரும்ப அழைத்துக்கொள்ளவும் முடியும். 2000இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனிலிருந்து விலகுவதாக அறிவித்து இந்தியா அப்படியே செய்தது. ‘பங்களிக்கும்’ என்றால் பணம் கட்டும் அமெரிக்காவும் ஜப்பானும் உள்ளே வந்துவிடும். ஆள் அனுப்பும் நேபாளம், வங்கதேசம், ருவாண்டாவின் மனக்குறையே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஆகவே ‘படை அனுப்பும் நாடு’.

‘கலந்தாய்வு’ இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பொறியியல் சீட்டும் ஆசிரியர் இடமாறுதலும்தான் நினைவுக்கு வரும். அதைவிட, இங்கே இரண்டு சொல் தேவை. ஐ.நா. பாதுகாப்பு அவை முடிவெடுத்தபின் படை அனுப்பும் நாடுகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வது ‘விளக்கக் கூட்டம்’. முடிவுக்கு முன் கேட்பது ‘கலந்தாலோசனை’. பல ஆண்டுகளாக இந்த நாடுகள் புலம்புவது முதலாவதை இரண்டாவது என்று பெயரிட்டு நடத்துகிறார்கள் என்றுதான்.

சியரா லியோனையே பாருங்கள். 2000 பிப்ரவரியில் பாதுகாப்பு அவையின் தீர்மானம் 1289 அங்கிருந்த ஐ.நா. படையின் உச்சவரம்பை 11,100 ஆக்கி, பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தையும் கூட்டியது. மே மாதம் கிளர்ச்சியாளர்கள் ஐ.நா. வீரர்கள் ஏறத்தாழ 500 பேரைப் பிடித்துவைத்தார்கள். அந்நாட்டின் கைலாகுன் ஊரில் முற்றுகையில் சிக்கிய இந்தியப் படையினர் ஜூலையில்தான் வெளியே வந்தார்கள். காகிதத்தில் ஒரு வரி மாறினால் ஆபத்து யார் பிள்ளைக்கு? ஐ.நா. அமைதிப் பணிகளை மறுஆய்வு செய்து ஆகஸ்டில் வந்த பிராகிமி அறிக்கையும் படை அனுப்பும் நாடுகளைக் கலந்தாலோசிப்பதைத் தொட்டது. பிறகு 2001 ஜூன் 13 அன்று தீர்மானம் 1353 இந்த நாடுகளுடன் நடக்கும் கூட்டங்களுக்கு முறை வகுத்தது; பாதுகாப்பு அவையோடு நடப்பவை வேறு, ஐ.நா. செயலகம் நடத்துபவை வேறு என்று பிரித்தும் வைத்தது. நாம் எல்லாவற்றையும் ‘கலந்தாய்வு’ என்றால் அந்தப் பிரிவே தமிழில் காணாமல் போகும்.

இத்தனைக்கும் ஐ.நா. சாசனம் 44ஆம் பிரிவில், படைபலத்தைப் பயன்படுத்தும்போது பாதுகாப்பு அவையில் இல்லாத நாட்டிடம் படை கேட்குமுன் அதை முடிவில் பங்கேற்க அழைக்க வேண்டும் என்று 1945லேயே எழுதிவிட்டார்கள்!

—

மறுமொழி:

‘அனுப்பும்’ – சரி, ஏற்கிறேன். ஆனால் போலீஸ் மட்டும் அனுப்பும் நாடுகளும் உண்டே? ‘படை’யில் அவர்கள் அடங்கமாட்டார்கள். ‘காவலர் அனுப்பும் நாடு’ என்று தனி உள்ளீடு போடுகிறேன். ‘அமைதிப்படை’ என்று சுருக்கவும் வேண்டாம். ஈழத்து வாசகருக்கு அது 1987இல் வந்த இந்தியப் படை, ஐ.நா.வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.