கட்டத் தரவை நம்பி மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

ஈரக்காகிதம்:
சிஆர்யூ டிஎஸ் தெரிந்தவர்களுக்கு முன்னுரை வேண்டாம். தெரியாதவர்களுக்கு: நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, வானிலை நிலையப் பதிவுகளைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் மழை, வெப்பநிலை தரும் தரவுத்தொகுப்பு. அரை டிகிரிக் கட்டம், 1901 முதல் மாத மழை. ஆய்வேட்டுக்கு ஒரே ஒரு கட்டத்தை எடுத்து, "நூற்றாண்டின் தொடக்கத்தில் மழை சீராக இருந்தது, பிறகுதான் தடுமாறியது" என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் என் அட்டவணையை அச்செடுத்து வைத்திருந்தார். ஜனவரி வரிசையில் பேனாவை வைத்து மேலிருந்து கீழே மெல்ல இழுத்தார். ஒரே எண். பதினோரு வருடம், தசமம்கூட மாறவில்லை. "இவ்வளவு ஒழுக்கமான வானமா?" என்றார். சுற்றுவட்டாரத்தில் நிலையமே இல்லை, 1961–1990 சராசரியைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பேனா இப்போதும் கனவில் இறங்குகிறது.

தசமப்புள்ளி:
எனக்கு ஈஆர்ஏ5, அதாவது அவதானிப்புகளையும் கணினி வானிலை மாதிரியையும் சேர்த்துக் கணித்த கட்டத் தரவு. மழைக்காட்டில்கூட மாத மழை 0.009! மீட்டரில் தருவார்கள் என்று யார் கண்டது? ஆயிரத்தால் பெருக்கினால் 9 மி.மீ. அப்போதும் பாலைவனம்தான். மாதச் சராசரிக் கோப்பில் இருப்பது ஒரு நாளுக்கான அளவாம்; மாதத்தின் நாட்களாலும் பெருக்க வேண்டும். இதற்கே ஒரு வாரம் போனது. வெப்பநிலை கெல்வினில் வந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

பழையமானி:
முதல் பதிவுக்காரரே, தரவு உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள் விளக்கக் குறிப்பைப் படிக்கவில்லை. நானும் வேர்ல்ட்கிளிம் என்ற காலநிலைக் கட்டத் தரவின் முதல் பதிப்பில் வெப்பநிலை 253 என்று பார்த்து, கோப்பு கெட்டுவிட்டதென மூன்று முறை இறக்கியவன்தான். பத்தால் வகுத்தால் 25.3. என் கதை அவ்வளவே.

இனி கேளுங்கள். சிஆர்யூ நான்காம் பதிப்புக் கோப்பிலேயே ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை நிலையங்கள் உதவின என்ற எண் உண்டு. பூஜ்யமாக இருந்தால் அந்த மாதத்தை ஒதுக்கிவிடுங்கள். மழைக்கு 450 கி.மீ.க்குள், சராசரி வெப்பநிலைக்கு 1200 கி.மீ.க்குள் இருக்கும் நிலையங்களைத்தான் சேர்ப்பார்கள். அதனால் ஒரே கட்டத்தில் வெப்பநிலை ஆடும், மழை மட்டும் உறைந்து நிற்கும். இந்த முரண் கண்ணில் பட்டிருந்தாலே தப்பித்திருப்பீர்கள். மழைக்கு ஜிபிசிசி என்ற மழைத் தரவுத்தொகுப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது 1891 முதல் இருக்கிறது. ஈஆர்ஏ5 உங்களுக்கு உதவாது, 1940க்கு முன்னால் அது போகாது. ஒற்றைக் கட்டத்தை வைத்துப் போக்கு எழுதவே எழுதாதீர்கள்.

ஈரக்காகிதம்:
ஐயா, படித்திருந்தால் இங்கே வந்து புலம்பியிருக்கவே மாட்டேன். கேட்டது அனுபவம். ஆனாலும் நீங்கள் சொன்னது சரி, வெப்பநிலை ஆடத்தான் செய்தது. அதைப் பார்த்துத்தான் மழையையும் நம்பினேன்.

தசமப்புள்ளி:
பூஜ்யம் இல்லையென்றால் மட்டும் நம்பிவிடலாமா, பழையமானி? என் கட்டத்துக்கு ஒரு நிலையம் என்று காட்டியது. தேடிப் பார்த்தால், அந்த ஒன்றும் மலைக்கு அந்தப் பக்கம்.