7-க்கு விதி வேண்டுமா, வாய்ப்பாடு போதுமா?

வேலந்தாவளம்_கணக்கு:
தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, தமிழ் வழியில் ஆறு, ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி. வகுபடும் தன்மையில் 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 11 எல்லாம் சரி. 7-க்கும் ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வது எதற்கு? கடைசி இலக்கத்தை இரட்டித்து மிச்ச எண்ணிலிருந்து கழி, வருவது 7-ஆல் வகுபட்டால் இதுவும் வகுபடும் என்கிற விதியைத்தான் சொல்கிறேன்.

8638-ஐ எடுங்கள். விதிப்படி 863 − 16 = 847; பிறகு 84 − 14 = 70. வகுபடும். நேராக வகுத்தால் 8-இல் மீதி 1, 16-இல் மீதி 2, 23-இல் மீதி 2, 28-இல் மீதி இல்லை. நான்கு படியும் ஏழாம் வாய்ப்பாட்டுக்குள் அடங்கிவிட்டது. கடன் வாங்கிக் கழிக்கவே வேண்டாம், ஈவு 1234-உம் கையில் வந்துவிட்டது. விதி தந்தது வெறும் 'ஆம்'.

மீதி கேட்டால் இன்னும் மோசம். 100-ஐ விதியில் போட்டால் 10 − 0 = 10; உடனே 'மீதி 3' என்று எழுதுவார்கள். சரியான மீதி 2. 3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்டினாலே மீதியும் தெரிந்துவிடுகிறது. அப்படிப் பழகிய பிள்ளை இதையும் நம்பினால் அதன் மேல் குற்றமில்லை.

கோபாலபுரம்_கோச்சிங்:
மாஷே, நீங்க நாலு இலக்கத்துக்குக் கணக்குப் போட்டுட்டு விதி வேண்டாம்னு சொல்றீங்க. என்.எம்.எம்.எஸ் உதவித்தொகைத் தேர்வுல ஒரு தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிஷம். ஆறு இலக்க எண்ணைக் குடுத்து 7, 11, 13 மூணுல எதால வகுபடும்னு கேட்டா மூணு தடவை வகுக்கறதா?

7 × 11 × 13 = 1001. அதனால வலது பக்கத்துல இருந்து மும்மூணு இலக்கமாப் பிரிச்சு, ஒண்ணுவிட்டு ஒண்ணு கூட்டிக் கழிங்க. 358267-க்கு 358 − 267 = 91. 91 = 7 × 13. அப்ப 7, 13 ரெண்டாலயும் வகுபடும், 11-ஆல வகுபடாது. ஒரே கழித்தல்ல மூணு பதில். 256256 மாதிரி மூணு இலக்கம் திரும்ப வந்தா கழிக்கவே வேண்டாம், அது 256 × 1001.

ராமானுஜனோட 1729-ஐயும் பாருங்க. 729 − 1 = 728 = 7 × 8 × 13. 7-ம் 13-ம் காரணின்னு வாயிலயே சொல்லிடலாம்.

வாளையார்_டீச்சர்:
1001 நல்ல வழிதான். ஆனால் நம் ஊர்க் காற்புள்ளி அங்கே காலை வாரிவிடும். 3,58,267 என்று லட்சக் கணக்கில் எழுதிப் பழகிய பிள்ளை காற்புள்ளியை வைத்தே பிரித்து 267 − 58 + 3 = 212 என்று போடும். 212-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே 'வகுபடாது' என்று எழுதும். விதியைச் சொல்வதற்கு முன்னால் காற்புள்ளியை அழிக்கச் சொல்லுங்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாகக் கோடு போடட்டும்.

இருவருக்குமே ஒன்று சொல்ல வேண்டும். எந்த எண்ணுக்கு விதி என்பதை விட, அந்த விதி மீதியைக் காப்பாற்றுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 9-இன் விதி மீதியைக் காப்பாற்றுகிறது. 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால்தான் இலக்கங்களைக் கூட்டுகிறோம். 11-க்கு அந்த மீதிகள் 1, −1, 1, −1 என்று மாறி மாறி வரும். 1000-ஐ 1001-ஆல் வகுத்தால் மீதி −1, ஆகவே மும்மூன்று இலக்க முறையும் மீதியைக் காப்பாற்றும். இரட்டித்துக் கழிக்கும் விதி காப்பாற்றாது. 10a + b என்ற எண்ணில் அது a − 2b-ஐப் பார்க்கச் சொல்கிறது. அதன் பத்து மடங்கு 10a − 20b. மூல எண்ணை விட 21b குறைவு. 21b-இல் 7 இருப்பதால் 'வகுபடுமா' என்ற கேள்விக்குப் பதில் மாறாது. ஆனால் நாம் வைத்திருப்பது பத்தில் ஒரு பங்கு, அதனால் மீதி மாறிவிடும்.

7-க்கும் மீதியைக் காப்பாற்றும் வழி உண்டு. ஒன்று, பத்து, நூறு என்று மேலே போகப் போக 7-இல் வரும் மீதிகள் 1, 3, 2, 6, 4, 5. பிறகு மறுபடி 1. 8638: 8×1 + 3×3 + 6×2 + 8×6 = 77. 100-க்கு 1×2, மீதி 2. சரியாக வருகிறது.

வேலந்தாவளம்_கணக்கு:
டீச்சர், 1, 3, 2, 6, 4, 5-ஐ மனப்பாடம் செய்வதற்கு ஏழாம் வாய்ப்பாட்டையே இன்னொரு முறை சொல்லிவிடலாமே. அந்த மீதிகள் எப்படி வந்தன என்று பிள்ளைகளைக் கொண்டு வகுத்துக் கண்டுபிடிக்க வைத்தால் ஒரு வகுப்பு நேரம் பயனாகும், ஒப்புக்கொள்கிறேன். விதியாக எழுதிப்போட்டால் அதுவும் இன்னொரு சுமை.

ஏழு கிடக்கட்டும், இருக்கிற விதிகளிலேயே எவ்வளவு ஓட்டை! 4-க்குக் கடைசி இரண்டு இலக்கம் என்பதை 8-க்கும் நீட்டி, 3116-இல் 16 இருக்கிறது, 8-ஆல் வகுபடும் என்பார்கள். 100-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 4 என்று சொல்லிக் கொடுத்தால் போதும். நூறாமிட இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசி இரண்டு இலக்க எண்ணோடு 4 கூட்டிப் பார். 16 + 4 = 20, வகுபடாது. 3112-க்கு 12 + 4 = 16, வகுபடும். அதேபோல 3, 9-க்குப் பிறகு 27-க்கும் இலக்கக் கூட்டல் வரும் என்று நினைத்து 1899-இல் மாட்டுவார்கள். கூட்டினால் 27, ஆனால் 27-ஆல் வகுத்தால் மீதி 9.

கோபாலபுரம்_கோச்சிங்:
27-க்கும் மும்மூணு இலக்கம்தான் மாஷே. 999 = 27 × 37. இதுல கழிக்க வேண்டாம், கூட்டணும். 1 + 899 = 900, மீதி 9. பாருங்க, திரும்பவும் என்னோட ஆயுதம்தான்!

கழித்தல் பிடிக்கலைன்னா 7-க்குக் கூட்டல் விதியும் இருக்கு. கடைசி இலக்கத்தை 5-ஆல பெருக்கி மிச்ச எண்ணோட கூட்டுங்க. 2019-ல சிகா ஒஃபிலிங்கற நைஜீரியப் பையன் இதைச் சொல்லிப் பேர் வாங்கினான். 8638: 863 + 40 = 903, 90 + 15 = 105, 10 + 25 = 35. குறை எண்ணே வராது.

வாளையார்_டீச்சர்:
அந்தப் பையன் தானாகக் கண்டுபிடித்தது பாராட்ட வேண்டிய விஷயம். 10(a + 5b) மூல எண்ணை விட 49b அதிகம், அதனால் விதி சரி. ஆனால் எங்கே நிறுத்துவது என்று சொல்லித் தராவிட்டால் பிள்ளை சுற்றிக்கொண்டே இருக்கும். 35 → 28 → 42 → 14 → 21 → 7 → மறுபடி 35. 49-ஐப் போட்டால் 4 + 45 = 49, நகரவே நகராது. இரண்டு இலக்கம் வந்ததும் விதியை விட்டுவிட்டு வாய்ப்பாட்டுக்கு வா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேலந்தாவளம்_கணக்கு:
கடைசியில் வாய்ப்பாட்டுக்குத்தான் வர வேண்டும் என்கிறீர்கள். நன்றி.

நல்லேப்பிள்ளி_பேரேடு:
பள்ளிக்கூட ஆள் இல்லை, கணக்கு எழுதுகிறவன். இந்த விதிகளில் தினமும் சோறு போடுவது 9-ம் 11-ம்தான். பால் சொசைட்டி நோட்டில் 583 லிட்டர் 538 என்று ஏறினால் வித்தியாசம் 45. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்கு. கூட்டுத்தொகை உதைத்தால் முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பது அதனால்தான்.

அதே காரணத்தால் பெருக்கலைச் சரிபார்க்க 9 மட்டும் போதாது. 347 × 28 = 9716. 9-ஆல் வகுத்தால் மீதி 347-க்கு 5, 28-க்கு 1, பெருக்கினால் 5, 9716-க்கும் 5. ஆனால் 9176 என்று தப்பாக எழுதினாலும் 5-தான். 11-இல் 6 × 6 = 36, மீதி 3. 9716-க்கு 6 − 1 + 7 − 9 = 3, சரி. 9176-க்கு 6 − 7 + 1 − 9 = −9, அதாவது மீதி 2. பிடிபட்டுவிட்டது.

கோபாலபுரம்_கோச்சிங்:
அருமைங்க அண்ணா. அப்ப 9-ம் 11-ம் சேர்ந்தா எதுவும் தப்பாதா?

நல்லேப்பிள்ளி_பேரேடு:
தப்பும். ஓர் இடம் விட்டு மாறினால் இரண்டுமே கண்ணை மூடிக்கொள்ளும். 9716 என்பது 1796 ஆனால் வித்தியாசம் 7920 = 99 × 80. ஆனால் அந்தப் பிழை அபூர்வம், பக்கத்து இலக்கம் மாறுவதுதான் அதிகம். பழைய பத்து இலக்கப் புத்தக எண்ணான ஐ.எஸ்.பி.என்-இல் 11-ஐ வைத்ததற்கு அந்த மாற்றம் பிடிபடுவதுதான் பலன். சரிபார்க்க வைத்த கடைசி இலக்கம் 10 என்று வந்தால் எக்ஸ் என்று போட்டார்கள். 2007-இல் வந்த பதின்மூன்று இலக்க எண் இலக்கங்களை 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டி 10-ஆல் வகுக்கிறது. அதில் பக்கத்தில் இருக்கும் 1-ம் 6-ம் இடம் மாறினால் தெரியாது. 5 வித்தியாசமுள்ள எந்த ஜோடிக்கும் அப்படித்தான்.

வாளையார்_டீச்சர்:
11-இல் ஒரு எச்சரிக்கை: மீதி வேண்டுமானால் வலப்பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1234-க்கு 4 − 3 + 2 − 1 = 2, சரி. இடமிருந்து போனால் −2, அதாவது 9 என்று வரும். வகுபடுமா என்று மட்டும் கேட்டால் எப்படிப் போனாலும் ஒன்றுதான். வித்தியாசம் 0 வந்தால்தான் வகுபடும் என்று நினைப்பதும் நிறைய நடக்கிறது. 2728-க்கு 8 − 2 + 7 − 2 = 11. அதுவும் வகுபடும்.

கூட்டு விதிகளைப் பற்றியும் யாராவது பேசுங்கள். 4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆல் வகுபடும் என்று எழுதுகிறார்கள். 36 என்ற ஒரே எண் அதை உடைத்துவிடும். 24-க்கு 3-ம் 8-ம், 18-க்கு 2-ம் 9-ம். இரண்டும் சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக, இருக்க வேண்டும்.

கோபாலபுரம்_கோச்சிங்:
இதுல வர்ற விடுபட்ட இலக்கக் கேள்வியும் முக்கியம் டீச்சர். 4x7y என்பது 36-ஆல வகுபடும்னா x, y என்ன? முதல்ல 4-ஐப் பாருங்க, y வெறும் 2 அல்லது 6. பிறகு 9. y = 2-னா x = 5, எண் 4572. y = 6-னா x = 1, எண் 4176. ஒரு விடை கிடைச்சதும் நிறுத்திடறாங்க, மார்க் போறது அங்கதான்.

7-க்கு மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். 200-க்குள்ள பகா எண் கண்டுபிடிக்கச் சொன்னா 91, 119, 133, 161 எல்லாம் பகா எண் மாதிரியே இளிக்கும். 2, 3, 5, 11 விதி ஒண்ணும் பிடிக்காது.

வேலந்தாவளம்_கணக்கு:
அதற்கு எந்த விதியும் வேண்டாமே. 70, 140, 210 மூன்றும் நினைவில் இருந்தால் போதும். 133 என்பது 140-க்கு 7 குறைவு; 161 என்பது 140-உடன் 21; 119 என்பது 140-க்கு 21 குறைவு; 91 என்பது 70-உடன் 21. 861 கேட்டால் 700 போக 161. இதில் மீதியும் கெடாது, டீச்சரின் நிபந்தனைக்கும் பொருந்தும். 13-க்கும் இதே வழிதான்: 221 என்பது 260-க்கு 39 குறைவு.

கோபாலபுரம்_கோச்சிங்:
இதுவும் விதிதானே மாஷே? பேர் வைக்காத விதி.

வேலந்தாவளம்_கணக்கு:
இது வகுத்தல். ஆறு இலக்கத்துக்கு உங்கள் 1001-ஐ வைத்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். மூன்று, நான்கு இலக்கத்துக்கு இரட்டித்துக் கழிக்கும் விதியை என் கரும்பலகையில் எழுத மாட்டேன்.