கொல்லிமலையில் எட்டு வாரப் பயிற்சி: "குத்தித் தர்றது யாரு?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை

கேள்வி: சத்துணவியல் மாணவி

வணக்கம். சத்துணவியலில் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு, கோடை விடுமுறையில் எட்டு வாரப் பயிற்சிக்காகக் கொல்லிமலைக்கு வந்திருக்கிறேன். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, செம்மேட்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டிய ஊர். காலையில் கிராம சுகாதார செவிலியர் அக்காவோடு வீடு வீடாகப் போகிறேன். மதியத்துக்கு மேல் சிறு விவசாயிகள் குழுவோடு காட்டில் இருப்பேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

முதல் வாரமே மனதைப் பிசைந்துவிட்டது. அக்கா விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் வைப்பார். ஹீமோகுளோபின் அளவு 9.1, 8.4, 10.2 என்று வரும். ஒரு கர்ப்பிணிக்கு 7.8. என்னைவிட ஒரு வயதுதான் பெரியவர். குத்திய விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "இன்னைக்குக் களை வெட்டப் போகலாமுங்களா?" என்று கேட்டார். அன்றைய கூலி அவருக்கு அவ்வளவு முக்கியம்.

சுற்றிலும் எங்கே பார்த்தாலும் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளி. தாத்தா காலத்தில் இதே சரிவில் சாமையும் கேழ்வரகும் தினையும் விளைந்ததாம். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று பெயர் சொல்லும்போதே பெரியவர்கள் முகம் மாறுகிறது. விதை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நானும் படம் போட்ட அட்டையைத் தூக்கிக்கொண்டு, "சாமை சாப்பிடுங்க, ரத்தம் ஊறும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். ஒரு பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தின்னலாஞ் சாமி, குத்தித் தர்றது யாரு?" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் நானே உலக்கை பிடித்தேன். வெயிலில் காய்ந்த சாமையை உரலில் கொட்டிக் குத்த வேண்டும். அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தால் உமி பறக்கும். ஆனால் பாதிக்குப் பாதி தோல் போகாமல் அப்படியே இருக்கும். மறுபடி உரலில் போட்டுக் குத்து, மறுபடி புடை, அப்புறம் கல் போகக் கொழிக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளங்கையில் கொப்புளம். பாட்டியின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன், மரப்பலகை மாதிரி இருந்தது.

எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினேன் என்று பயிற்சி அறிக்கையில் எழுத வேண்டும். கூட்டம் போட்டால் வருவார்கள், கேட்பார்கள், போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. மீதி ஐந்து வாரத்தில் இந்தப் பெண்களுக்கு உருப்படியாக ஒன்றாவது செய்துவிட்டு இறங்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

கண்ணு, மற்றதெல்லாம் அப்புறம். அந்த 7.8 பொண்ணு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாளா என்று முதலில் கேள். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7.8க்கு மாத்திரை போதுமா, ஊசியில் இரும்புச்சத்து ஏற்றணுமா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். உங்கள் செவிலியர் எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் பஸ்ஸுக்கும் கூலிக்கும் பயந்து போகாமலே இருந்துவிடுவார்கள். துணைக்கு நீ போ.

அடுத்தது மாத்திரை. கர்ப்பிணிக்கு 180 நாளுக்குக் கொடுக்கிறோம். "போட்டீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அட்டையைக் காட்டச் சொல். ஓட்டு இடுக்கிலிருந்து பிரிக்காத அட்டைகளை நானே எடுத்திருக்கிறேன். குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள். கறுப்பாகத்தான் போகும், கெடுதல் இல்லை என்று முன்னாடியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மலையில் வரக்காப்பி குடிக்கிற பழக்கம் உண்டு. அதோடு மாத்திரையை விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நீ சொல்லாத ஒன்று கால். களை வெட்டுகிறவர்களில் எத்தனை பேர் செருப்புப் போட்டிருக்கிறார்கள், பார்த்தாயா? கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாக ஏறும். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். என்ன சாப்பிட்டாலும் அப்போது மீட்டர் ஏறாது. பூச்சி மாத்திரை பற்றி உங்கள் செவிலியரிடம் பேசு. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதம் அதைக் கொடுக்கக் கூடாது, ஞாபகம் வைத்துக்கொள்.

பதில்: அடிவாரத்து விவசாயி

தங்கச்சி, குச்சிக்கிழங்கை விட்டுவிடுங்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. சேலம், ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகள் இருக்கிறதால் வெட்டின கிழங்கு லாரியில் ஏறினதும் மொத்தமாகக் காசு வருகிறது. பள்ளிக்கூடச் செலவு, கல்யாணம், கடன் எல்லாம் அந்தக் காசில்தான். சோற்றுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது, அதுவும் 2011லிருந்து இலவசம். கழுவி உலையில் போட்டால் முடிந்தது. இதை விட்டுவிட்டு ஒரு பொம்பளை எதற்காக உரல் முன்னால் நிற்கணும்? அந்தப் பாட்டி கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

நான் பார்த்த வரைக்கும் மலையில் சாமை குறைந்ததற்கு உலக்கை ஒரு பெரிய காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானிய வேலையை ஆரம்பித்தபோது விதை, சாகுபடி, விற்பனை இவற்றோடு உமி நீக்குகிற மெஷினையும் ஊர்க் குழுக்களிடம் கொடுத்தார்கள். குத்துகிற பாடு தீராமல் சாமை திரும்பி வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் கூட்டம் போடாதே. நடந்து போய் மெஷினைத் தேடு. உன் ஊருக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது, ஓடுகிறதா, சாவி யாரிடம், படிக்கு என்ன கூலி, எந்த நேரத்தில் கரண்ட் நிற்கிறது, இதையெல்லாம் நோட்டில் எழுது. நின்று கிடந்தால் பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்கும், இல்லையென்றால் ஓட்டத் தெரிந்தவர் வெளியூர் போயிருப்பார். அப்புறம், விதை வைத்திருக்கிற வீடுகளைக் குறித்துக்கொள். கிழங்குக் காட்டைத் தொட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற பத்து சென்டில் விதைக்கச் சம்மதிப்பார்களா என்று கேட்டுப் பார்.

பதில்: மருத்துவமனை உணவியலாளர்

ஒரு திருத்தம் மட்டும். "சாமை சாப்பிட்டால் ரத்தம் ஊறும்" என்று அட்டையில் போட வேண்டாம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் சாமைக்கு 100 கிராமில் 9.3 மில்லிகிராம் இரும்பு என்று இருக்கும், நாம் எல்லாரும் அதைத்தான் மனப்பாடம் செய்தோம். 2017ல் வந்த அட்டவணையில் அது ஒன்றரைக்கும் கீழே. கேழ்வரகுக்கு நாலரை சுமார். சாமையில் நார்ச்சத்து உண்டு, ருசி உண்டு, அவர்கள் மண்ணின் உணவு. அதற்காகவே சாப்பிடலாம். ரத்தசோகைக்கு மாத்திரைதான் முதல். தட்டில் கீரையும் பயறும் முட்டையும், கூடவே ஒரு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர அந்தப் பழங்கள் உதவும்.

கேட்டவரின் பதில், பத்து நாள் கழித்து

செவிலியர் அம்மா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. அந்த 7.8 கர்ப்பிணி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவே இல்லை. செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நானும் கூடப் போனேன். டாக்டர் ஊசி எழுதினார், முதல் ஊசி அன்றே போட்டுவிட்டார்கள். திரும்பும்போது கொய்யா வாங்கி இருவரும் பஸ்ஸிலேயே தின்றோம்.

உணவியலாளர் அக்கா, அட்டையில் அந்த வரியை வெட்டிவிட்டேன். தவறான எண்ணை நம்பி மூன்று வாரம் பேசியிருக்கிறேன் என்பது வருத்தமாக இருக்கிறது. அந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அண்ணா, மெஷின் கிடைத்தது! நடந்தால் முக்கால் மணி நேரத்தில் ஒரு ஊரில், மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கிறது. பெல்ட் நன்றாகவே இருக்கிறது, ஓடவும் ஓடுகிறது. சாவி வைத்திருப்பவர் வாரத்தில் பாதி நாள் கீழே இறங்கிவிடுகிறார், எந்த நாள் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் யாரும் போவதில்லை. குழுவில் பேசி, வியாழக்கிழமை காலை கட்டாயம் திறப்பது என்று முடிவாகியிருக்கிறது. பாட்டி நான்கு படி சாமையை இப்போதே முற்றத்தில் காயப்போட்டுவிட்டார். தலையில் சும்மாடு கட்டித் தருகிறேன், நீ தூக்கி வா என்கிறார்.