சென்ட்ரேலியா தீயை அணைத்திருக்க முடியுமா, முடியாதா?

தணல்: நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்த ஊரான, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சென்ட்ரேலியா என்றாலே "அணைக்கவே முடியாத தீ" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1962 மே மாதம், கைவிட்ட திறந்தவெளிச் சுரங்கக் குழியில் கொட்டிய குப்பையைக் கொளுத்தினார்கள். குழிச்சுவரில் அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாகத் தீ பழைய சுரங்கத்துக்குள் இறங்கியது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விவரம். ஆகஸ்டில் தோண்ட ஆரம்பித்தார்கள். 58,000 கன கெஜத்துக்கு மேல் அள்ளியும் தீ பிடிபடவில்லை, பணம்தான் தீர்ந்தது. காரணம், தீயின் விளிம்பைத் தேடித் துளையிடவே ஒப்பந்தக்காரருக்கு அனுமதி இல்லை. விளிம்பு தெரியாமல் வெட்டினால் தீயைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மண்வெட்டி: துளை போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது நண்பரே. அங்கே அறை அறையாகக் கரி எடுத்து, நடுவில் தூண் விட்டுப் போன சுரங்கம். பிறகு அந்தத் தூண்களையும் சுரண்டினார்கள். கூரை உட்கார்ந்து, மேலே வரை வெடிப்பு. ஒவ்வொரு வாளி மண் அள்ளும்போதும் உள்ளே காற்றுக்கு இன்னொரு கதவு திறக்கிறது. அங்கே இருப்பது ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரி, அது பற்றுவதுதான் கஷ்டம். பற்றிவிட்டால் கொஞ்சம் காற்றே போதும், சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டே இருக்கும்.

தணல்: அதனால்தான் எரிகிற பக்கம் முதலில் கை வைக்கக் கூடாது என்கிறேன். தீ வரப்போகும் திசையில், நன்றாகத் தள்ளி, கரி அடுக்கின் அடித்தளம் வரை அகழி வெட்டணும். களிமண்ணோ எரியாத கல்மண்ணோ போட்டு இறுக்கணும். அதற்குப் பிறகுதான் எரியும் பகுதி.

புதுக்கணக்கு: தண்ணீரைத் திறந்துவிட்டு மூழ்கடித்தால் என்ன?

மண்வெட்டி: நிற்காது. தீ இருப்பது நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே; விடுகிற தண்ணீர் கீழே உள்ள பழைய சுரங்கங்களுக்கு வடிந்துவிடும். போதாததற்கு, கனன்ற கரியில் நீராவி பட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும், மூடிய இடத்தில் வெடிக்கலாம். கரி அணைந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள், சுற்றியுள்ள பாறை லேசில் ஆறாது. காற்று திரும்பினால் மறுபடி பற்றும்.

சாம்பல்மேடு: இரண்டாவது முயற்சியை இருவருமே விட்டுவிட்டீர்கள். 1962 கடைசியில் மேலிருந்து துளை போட்டு, நொறுக்கிய கல்லைத் தண்ணீரோடு கலந்து உள்ளே இறக்கினார்கள். கடுங்குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்தது, கல் நொறுக்கும் இயந்திரமும் உறைந்தது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு: குழாயிலிருந்து விழும் கலவை தரையில் நெல் அம்பாரம் மாதிரிக் கூம்பாகக் குவியும். கூம்பின் நுனி கூரையைத் தொடும், இரண்டு கூம்புகளுக்கு நடுவே கூரையடியில் இடைவெளி அப்படியே இருக்கும். சூடான வாயு ஓடுவதும் அந்தக் கூரையடியில்தான். பின்னாளில் ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரித்தபின் கிடைக்கும் நுண்சாம்பல்) இறக்கியபோதும் இதே தொல்லை.

தணல்: அதே மாநிலத்தின் கார்பன்டேலில் 1946-ல் தொடங்கிய சுரங்கத் தீயைத் தோண்டித்தானே ஒழித்தார்கள்?

மண்வெட்டி: ஒழித்தார்கள், நகரின் மேற்குப் பகுதி வீடுகளை இடித்துவிட்டு! ஊரைக் காப்பாற்ற ஊரையே தோண்டுவதா? சென்ட்ரேலியாவை முழுதாகத் தோண்ட 1983-ல் போட்ட மதிப்பீடு 66.3 கோடி டாலர். மக்களை இடம் மாற்ற 1984-ல் ஒதுக்கியது 4.2 கோடி. இருந்தது சுமார் ஆயிரம் பேர். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

தணல்: அது இருபது வருஷம் வளரவிட்ட தீக்கான விலை. 1962-ல் தோண்டும் ஒப்பந்தம் சுமார் 20,000 டாலர்தான். அதுவும் வார நாளில் ஒரே ஷிஃப்ட். தீ மட்டும் ஷிஃப்ட் பார்த்தா வேலை செய்தது?

மண்வெட்டி: 1962 கோடையில் ஒரு வாய்ப்பு இருந்தது, அதுவரை ஒப்புக்கொள்கிறேன். 1963-க்குப் பிறகு இல்லை.

புதுக்கணக்கு: இப்போது அங்கே புகையே காணோமாம், அணைந்துவிட்டதா?

சாம்பல்மேடு: புகையை நம்பாதீர்கள். தீ ஆழத்துக்கோ பக்கவாட்டிலோ நகர்ந்தால் பழைய வெடிப்புகள் ஓய்ந்துவிடும். துளைக்குள் வெப்பநிலையும் கார்பன் மோனாக்சைடும் அளந்தால்தான் உண்மை தெரியும். மேலே பார்த்தால் வீடில்லாத தெருக்களும் மரங்களும்தான். கைவிட்ட பழைய 61-ஆம் நெடுஞ்சாலையையும் 2020-ல் மண் கொட்டி மூடிவிட்டார்கள். போகிறவர்கள் ஆவி வரும் ஓட்டையருகே குனிய வேண்டாம், கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. புல் காய்ந்த இடத்தையும் பனி தங்காத இடத்தையும் மிதிக்காதீர்கள். 1981-ல் 12 வயதுப் பையன் காலடியில் திறந்த குழியின் ஆழம் சுமார் 150 அடி. வேரைப் பிடித்துத் தொங்கியதால்தான் பிழைத்தான்.