கிண்ண அடியில் ‘எஸ்’ விரிசல்: மண்ணா, கையா?

பொதுப் பயிற்சிக்கூட வகுப்பில் புதியவர்கள் வனையும் கிண்ணங்களில் பத்துக்கு மூன்றாவது, அதாவது குறைந்தது மூன்று, அடிப்பகுதியில் எஸ் வடிவில் பிளக்கின்றன. ஸ்டோன்வேர் மண் (அதிக வெப்பத்தில் சுடும் களிமண்), 600 கிராம் உருண்டை, மின்சாரச் சக்கரம்.

உருண்டையைத் திறந்ததும் அடியை நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் நாலைந்து முறை அழுத்தச் சொல்கிறோம். உள்ளே தேங்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றிவிடுகிறோம். விட்டால் அடி ஊறி, சுவரைவிட அதிகமாகச் சுருங்கும். (புதியவர்கள் மறப்பது இதைத்தான்.) சீவிய பின் அடியும் சுவரும் 5 மி.மீ. தோல் பதத்தில் (பாதி உலர்ந்து விறைத்த நிலையில்) கவிழ்த்து, பாலிதீன் மூடி ஐந்து நாள் உலர்த்தல்.

சூளைமேல் பழி போட முடியாது. குளிரும்போது 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சுருங்கி வரும் வெடிப்பு கூர்மையான விளிம்போடு இருக்கும். இங்கே உலரும்போதே கோடு தெரிகிறது.

சந்தேகம் பக்மில்லில், அதாவது மண்ணைப் பிசைந்து உருளையாகத் தள்ளும் இயந்திரத்தில். அதிலிருந்து வரும் மண்ணுக்குள் சுருள் அடுக்கு இருக்கும். அப்படியே நிமிர்த்திச் சக்கரத்தில் வைத்தால் அந்தச் சுருள் அடியிலேயே நிற்கும். 90 டிகிரி திருப்பி வைத்தால் போதுமா, எத்தனை முறை பிசைந்தால் அடங்கும்? பொடி குரோக் (சுட்டு அரைத்த மண்) 10 சதவீதம் சேர்த்துப் பார்த்தவர்கள், சீவும்போது அடி கீறுகிறதா என்றும் சொல்லுங்கள்.