புதுப்பிப்பு: படிப்பகச் சங்கத்தின் கையிருப்புப் பணம், தீர்வு கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கூரை மாற்றச் சேர்க்கும் பணம் செலவாகாமல் நின்றால் வரிவிலக்கு போய்விடுமா என்று கேட்டிருந்தேன். எங்கள் சங்கத்துக்கு 12ஏபி பதிவு (வருமான வரிவிலக்குப் பெறத் தேவையான பதிவு) உண்டு.

படிவம் 10, அதாவது பணத்தை எதற்காகச் சேர்க்கிறோம் என்று வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம், பற்றிச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. ஆண்டு வருமானத்தில் 15 சதவீதத்தை நிபந்தனையில்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால், 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டம் 11(2) பிரிவின்படி அந்தப் படிவம் கொடுத்து 5 ஆண்டு வரை சேர்க்கலாம்.

எதிர்பாராதது இரண்டு. 'சங்க நோக்கங்களுக்காக' என்று பொதுவாக எழுதினால் போதாது, 'கூரை மாற்ற' என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்றார் ஆடிட்டர். அப்புறம், வருமான வரிக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளுக்கு 2 மாதம் முன்பே படிவம் போக வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள்.

செயற்குழுவில் தீர்மானம் போட்டு, பணத்தைச் சங்கத்தின் பெயரிலேயே வங்கி வைப்புத்தொகையாக்கிவிட்டோம். சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் அதுவும் ஒன்று.